டயப்பர் நனையுது... ஆனா சிறுநீர்ப்பை காலியாகுதா? பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்கு வரும் அவசர நிலையைக் கண்டுபிடிப்பது எப்படி?

‘டயப்பர் நல்லா நனையுதுங்க டாக்டர், ஒண்ணுக்கு எல்லாம் சரியாத்தான் போறான்.’ காய்ச்சலோடு வரும் கைக்குழந்தையின் அம்மாவோ பாட்டியோ டாக்டரிடம் வழக்கமாகச் சொல்லும் பதில் இது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தப் பதில் போதும். ஆனால், சிறுநீர்ப் பாதையில் பிறவிலேயே குறையுள்ள குழந்தைகளுக்கு இதே பதில் ஆபத்தாக முடியலாம். ஏன் என்றால், சிறுநீர் வெளியே வருவது வேறு. சிறுநீர்ப்பை காலியாவது வேறு.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே போகும் குழாய் அடைத்துக்கொண்டால் தொட்டி நிரம்பி, ஓவர்ஃப்ளோ பைப்பில் தண்ணீர் வழியும். ‘தண்ணிதான் வருதே, அடைப்பு எதுவும் இல்லை’ என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டோம். குழந்தை விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம். நிரம்பிய சிறுநீர்ப்பையிலிருந்து சொட்டுச் சொட்டாக வழிவதும் டயப்பரை நனைக்கும். இன்னும் சொல்லப்போனால், எப்போதும் நனைத்துக்கொண்டே இருக்கும்.

காங்கேயம் பக்கம் இதைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. அரிசி ஆலை, தேங்காய்க் களம், நூல் மில், திருப்பூர் பனியன் கம்பெனி என்று அம்மாவும் அப்பாவும் ஷிஃப்டுக்குப் போகும் வீடுகள் இங்கே அதிகம். கம்பெனி வேன் காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போனால், இறங்கும்போது இருட்டிவிடும். பகல் முழுக்கக் குழந்தை அப்பத்தாவிடமோ அம்மாயிடமோ இருக்கும். குழந்தை எப்படி ஒண்ணுக்குப் போகிறது என்பதை நேரில் பார்ப்பவர் ஒருவர். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறவர் இன்னொருவர். முக்கியமான தகவல் இந்த இடைவெளியில்தான் தொலைகிறது.

எந்தெந்தக் குறைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

சிறுநீரகத்தில் உருவாகும் சிறுநீர், இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு வருகிறது. அங்கே கொஞ்ச நேரம் சேர்ந்திருந்து, பிறகு ஒரே பாதை வழியாக வெளியேறுகிறது. இந்தப் பயணத்தில் எந்த இடத்தில் தடை இருந்தாலும் அழுத்தம் மேல்நோக்கிப் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

முதலாவது, பி.யு.வி. என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் ‘போஸ்டீரியர் யுரெத்ரல் வால்வ்’. சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையில் ஒரு மெல்லிய சவ்வு குறுக்கே வளர்ந்து நிற்கும். ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வரும் குறை இது. ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது மருத்துவ நூல்களில் சொல்லப்படும் கணக்கு. இதன் வகைகளை 1919-இல் ஹ்யூ ஹாம்ப்டன் யங் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் பிரித்து எழுதினார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த நோய்தான். இருந்தும் இன்றும் பல குழந்தைகளுக்குத் தாமதமாகவே தெரியவருகிறது.

இரண்டாவது, ரிஃப்ளக்ஸ். கீழே போக வேண்டிய சிறுநீர், சிறுநீர்ப்பையிலிருந்து மேலே சிறுநீரகத்துக்கே திரும்பிப் போவது. மூன்றாவது, ஸ்பைனா பைஃபிடா போன்ற முதுகுத்தண்டுக் குறையால் சிறுநீர்ப்பையின் நரம்பு வேலை செய்யாமல் போவது. இந்தக் குழந்தைகளுக்குப் பை நிரம்பியது தெரியாது. சுருக்கி வெளியேற்றவும் முடியாது. நான்காவது, யுரெட்டரோசீல். மேலிருந்து வரும் குழாயின் நுனி பலூன் மாதிரி ஊதி, சிறுநீர்ப்பையின் வாயை அடைப்பது. இது பெண் குழந்தைகளிடம் அதிகம். சில சமயம் சிறுநீர் வரும் இடத்தில் சிவந்த கட்டி போல வெளியே தெரியும்.

ஐந்தாவது அரிதானது. வயிற்றுச் சுவர் மூடாமல், சிறுநீர்ப்பை வெளியே திறந்தபடி குழந்தை பிறப்பது. இதைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். மற்ற நான்கும் வெளியில் இருந்து பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. குழந்தை அழகாக, கொழுகொழு என்றுகூட இருக்கலாம்.

கர்ப்ப கால ஸ்கேனில் தெரிந்துவிடாதா?

பல குழந்தைகளுக்குத் தெரியும். ஐந்தாம் மாத வாக்கில் எடுக்கும் உறுப்பு ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருப்பது, சிறுநீர்ப்பை பெரிதாக இருப்பது, பனிக்குட நீர் குறைவது எல்லாம் துப்புக் கொடுக்கும். ஆனால், அந்த மாதத்தில் சாதாரணமாகத் தெரிந்து, பிறகு மாறும் குழந்தைகளும் உண்டு. ‘அஞ்சாம் மாச ஸ்கேன் நார்மல்’ என்பது வாழ்நாள் சான்றிதழ் ஆகாது.

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெண் சிசுக்களைக் காப்பாற்ற அவசியமான சட்டம். ஆனால், பி.யு.வி. ஆண் குழந்தைக்கு மட்டும் வரும் நோய் என்பதால், ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘இரண்டு சிறுநீரகத்திலும் நீர் தேக்கம்’ என்றுதான் இருக்கும். அதற்கு மேல் குறிப்பு இருக்காது. எனவே பிரசவம் ஆனவுடன் இந்த இரண்டு தகவலையும் ஒன்று சேர்க்க வேண்டியது குடும்பத்தின் வேலையும்தான். பிறந்தது பையன், ரிப்போர்ட்டில் இரண்டு பக்கமும் நீர் தேக்கம் என்றால், டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே குழந்தைகள் டாக்டரிடம் அந்த ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டணும்.

இப்படிச் சந்தேகம் இருக்கும் குழந்தைக்குப் பிறந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லேசான வீக்கம் என்றால் அவ்வளவு அவசரம் இல்லை. முதல் வாரக் கடைசிக்குள் எடுத்தால் போதும். சொல்லப்போனால் முதல் இரண்டு நாளில் குழந்தையின் உடம்பில் நீர் குறைவாக இருப்பதால், அப்போது எடுக்கும் ஸ்கேனில் வீக்கம் குறைத்துத் தெரியும். அதனால்தான் நார்மல் என்று வந்தாலும் 4 முதல் 6 வாரத்தில் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். ‘ஒரு தடவை எடுத்தாச்சே’ என்று அதை விட்டுவிடக் கூடாது.

பிறந்த பிறகு எதைப் பார்க்கணும்?

பெரும்பாலான குழந்தைகள் முதல் 24 மணி நேரத்துக்குள் சிறுநீர் கழித்துவிடும். 48 மணி நேரம் தாண்டியும் போகவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். அதன் பிறகு பார்க்க வேண்டியது தாரை.

ஆண் குழந்தையின் சிறுநீர் நல்ல வேகத்தில், வளைவாகப் பாய வேண்டும். துணி மாற்றும்போது அம்மாவின் சேலையை நனைத்து எல்லோரையும் சிரிக்கவைப்பது ஆரோக்கியமான அடையாளம். அதற்குப் பதிலாகச் சொட்டுச் சொட்டாக வருவது, முக்கி முகம் சிவந்து அழுதுகொண்டே போவது, நின்று நின்று வருவது, போய் முடித்தபின்பும் அடிவயிற்றில் சாத்துக்குடி மாதிரி கெட்டியாக ஏதோ தட்டுப்படுவது இவையெல்லாம் எச்சரிக்கை. இன்றைக்கு எல்லாக் குழந்தைக்கும் டயப்பர் போட்டுவிடுவதால் இந்தத் தாரையை யாருமே பார்ப்பதில்லை. தினமும் கொஞ்ச நேரமாவது டயப்பர் இல்லாமல் விட்டுப் பாருங்க. சந்தேகமாக இருந்தால் போனில் பத்து நொடி வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்க. அரை மணி நேரம் வாயால் விளக்குவதைவிட அது உபயோகமானது. குழந்தையின் அந்தரங்கம் என்பதால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். காட்டி முடித்ததும் அழித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: தாரை நன்றாக இருந்தால் பி.யு.வி. இல்லவே இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது. அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் தசை தடித்துவிடுவதால், சில குழந்தைகளிடம் தாரை ஓரளவு சரியாகவே தெரியும். அதனால் ஸ்கேனில் சந்தேகம் எழுந்த குழந்தையை, தாரையை மட்டும் பார்த்து விட்டுவிட முடியாது.

பெண் குழந்தைக்குக் கதை வேறு. வழக்கம்போல ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தாலும் உள்ளாடை எப்போதும் ஈரமாகவே இருக்கிறதென்றால், ஒரு சிறுநீர்க்குழாய் தவறான இடத்தில் திறந்திருக்கலாம். இது அவசர நிலை இல்லை. ஆனால் ‘சோம்பேறித்தனம்’ என்று திட்டு வாங்கியே வருஷக்கணக்கில் ஓட்டும் பிள்ளைகள் உண்டு.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதிக்க வேண்டிய 30 நிலைமைகளைப் பட்டியலிட்டார்கள். அதில் ஒன்பது பிறவிக் குறைகள். முதுகுத்தண்டுக் குறை அந்த ஒன்பதில் இருக்கிறது; சிறுநீர்ப் பாதை அடைப்புக்குத் தனி இடம் இல்லை. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு கண்டுபிடித்துச் சொல்லிவிடும் என்று காத்திருக்க முடியாது. வீட்டுக் கண்தான் முதல் பரிசோதனை.

‘உடம்புச் சூடு’ எனும் பொறி

நம்ம ஊரில் குழந்தைக்கு ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல் என்றால் முதல் பதில் ‘சூடு புடிச்சுக்கிச்சு’ என்பதுதான். தொப்புளில் விளக்கெண்ணெய், இளநீர், பார்லித் தண்ணீர் என்று ஆரம்பிப்போம். பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்த பெரிய பிள்ளைக்குச் சில சமயம் தண்ணீர் நிறையக் குடிப்பதிலேயே சரியாகலாம். கைக்குழந்தைக்கும், ஏற்கெனவே குறை இருப்பதாகத் தெரிந்த குழந்தைக்கும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கக் கூடாது.

சிறு குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் ‘எரியுது’ என்று சொல்லத் தெரியாது. காய்ச்சல், வாந்தி, பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, எடை ஏறாதது, மஞ்சள் காமாலை நீடிப்பது என்று வேறு வேறு வேஷத்தில் வரும். பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் உடம்பு சில்லிட்டுப் போகலாம். சளி, இருமல் எதுவும் இல்லாமல் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் யூரின் டெஸ்ட் எடுக்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். காய்ச்சலோடு முதல் தடவை சிறுநீர்த் தொற்று வரும் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ரிஃப்ளக்ஸ் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது, அந்தத் தொற்று சில சமயம் உள்ளே இருக்கும் குறையின் முதல் கடிதமாக இருக்கலாம்.

எப்போது அவசரம்?

சிறுநீர்ப் பாதையில் குறை இருக்கும் குழந்தையிடம் இந்த நான்கில் ஒன்று தெரிந்தாலும் ‘காலையில பார்த்துக்கலாம்’ என்று சொல்லக் கூடாது.

ஒன்று, அடைப்பு. 8 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை அல்லது சொட்டு மட்டும் வருகிறது, அடிவயிறு உப்பியிருக்கிறது. டியூப் வைத்துச் சிறுநீர் எடுக்கும் குழந்தை என்றால், டியூப் உள்ளே போகவில்லை அல்லது போயும் எதுவும் வரவில்லை. இவர்களுக்கு 8 மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இரண்டு, அடைப்போடு சேர்ந்த தொற்று. நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சு வேகம், கை கால் சில்லிடுவது, தூங்கிக்கொண்டே இருப்பது. தேங்கிய சிறுநீரில் வளரும் கிருமி ரத்தத்துக்குப் போக அதிக நேரம் எடுக்காது. மருந்து மட்டும் கொடுத்தால் போதாது. தேங்கியதை வெளியேற்றவும் வேண்டும்.

மூன்று, சிறுநீரகம் தடுமாறுவது. முகம், கால் வீக்கம், ஓயாத வாந்தி, வலிப்பு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் வெளியே பெரிதாக எதுவும் தெரியாமலேயே இதயத் துடிப்பு குலையும்.

நான்கு, சிறுநீர்ப்பை ஓட்டை விழுவது. இது முக்கியமாக, குடலின் ஒரு துண்டை வைத்துச் சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைகளுக்கு வரும் ஆபத்து. வயிற்று வலி, உப்புசம், வாந்தி, சில சமயம் தோள்பட்டையில் வலி. ஸ்பைனா பைஃபிடா குழந்தைக்கு உணர்ச்சி குறைவு என்பதால் வலி லேசாகத்தான் தெரியும். ‘சும்மா கேஸ்’ என்று ஒதுக்கினால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறும்.

மருத்துவமனையில் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பெரிய மெஷின் எதுவும் இல்லாமல் தொடங்கும் வேலை இது. அடிவயிற்றைத் தட்டியும் அழுத்தியும் பார்ப்பது, பிறப்புறுப்பைப் பார்ப்பது, குழந்தையைத் திருப்பிப்போட்டு இடுப்புக்குக் கீழே குழியோ, ரோமக் கற்றையோ, கட்டியோ இருக்கிறதா என்று பார்ப்பது, குழந்தைக்கு ஏற்ற சிறிய பட்டையால் ரத்த அழுத்தம் எடுப்பது. மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். இறுகிய மலமே சிறுநீரை அடைத்துவிடும்.

அடுத்தது ஸ்கேன். சிறுநீர் கழிப்பதற்கு முன்பும் பின்பும் என இரண்டு தடவை பார்க்கணும். பிறகும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பையின் சுவர் தடித்திருக்கிறதா, மேலே குழாய்கள் விரிந்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. பி.யு.வி.யில் விரிந்த சிறுநீர்ப்பையும் அதற்குக் கீழே விரிந்த பாதையும் சேர்ந்து ஸ்கேனில் சாவித் துளை மாதிரி தெரியும். ஸ்கேன் அறையில் ‘போயிட்டு வரச் சொல்லிட்டு மறுபடி பாருங்க’ என்று நீங்கள் கேட்டால் தப்பில்லை.

ஒரு பிள்ளையின் பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வயதோடு 2-ஐக் கூட்டி, 30-ஆல் பெருக்கினால் மில்லி லிட்டரில் விடை. 4 வயதுக் குழந்தைக்கு 180 மில்லி. ஒரு டம்ளருக்கும் கம்மி. கைக்குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு சரிவராது.

மூன்றாவது யூரின் கல்ச்சர். இங்கேதான் நிறையத் தவறு நடக்கிறது. ஒட்டும் பிளாஸ்டிக் பையில் பிடித்த சிறுநீரில் தோலில் உள்ள கிருமிகளும் சேர்ந்துவிடும். அதில் ‘கிருமி இருக்கு’ என்று வந்தால் நம்ப முடியாது. சுத்தம் செய்துவிட்டு நடுத் தாரையைப் பிடிக்கணும், அல்லது மெல்லிய டியூப் வைத்து எடுக்கணும். எடுத்த சாம்பிள் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகணும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கணும். வெயிலில் பைக் டேங்க் கவரில் வைத்துக் கொண்டுபோன சாம்பிள் வழியிலேயே கெட்டுவிடும். வீட்டில் மிச்சம் இருந்த ஆன்டிபயாடிக் சிரப்பை ஒரு வேளை கொடுத்துவிட்டுப் போனாலும் கல்ச்சர் பொய் சொல்லும். அப்படிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிடுங்க.

நான்காவது ரத்தப் பரிசோதனை. இதில் படித்தவர்களும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.0 என்று இருக்கும். பக்கத்தில் அச்சடித்த நார்மல் அளவு 1.2 வரை. ‘நார்மல்தான்’ என்று போனை மூடிவிடுவோம். அந்த அளவு பெரியவர்களுக்கானது. ஆறு மாதக் குழந்தைக்குக் கிரியாட்டினின் பொதுவாக 0.2 முதல் 0.4 வரைதான் இருக்கும். அந்தக் குழந்தைக்கு 1.0 என்றால் சிறுநீரகம் கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். அதேபோல், பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் ரத்தத்தில் காட்டும் அளவு பெரும்பாலும் அம்மாவுடையது. அதனால் ஒரே ரிப்போர்ட்டைவிட, அடுத்தடுத்த நாட்களில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் உண்மையைச் சொல்லும்.

அடைப்பு என்று சந்தேகம் வந்தாலே, எல்லா ரிப்போர்ட்டும் வரும் வரை காத்திருக்காமல் மெல்லிய டியூப் ஒன்றை வைத்துச் சிறுநீரை வடித்துவிடுவார்கள். இதைச் செய்யப் பெரிய ஆஸ்பத்திரி தேவை இல்லை. வடித்த பிறகு சில குழந்தைகளுக்குச் சிறுநீர் அளவுக்கு மீறிக் கொட்டும். அடைப்பு நீங்கியது என்று நிம்மதி அடையும் அதே நேரத்தில் உடம்பு வறண்டு, உப்புச் சத்துகள் குலையலாம் என்பதால் மணிக்கணக்கு வைத்து அளப்பார்கள்.

காய்ச்சல் தணிந்த பிறகு எம்.சி.யு. எக்ஸ்ரே. சிறுநீர்ப்பையில் மருந்தை நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போதே படம் எடுப்பது. அடைப்பும் ரிஃப்ளக்ஸும் இதில் தெரியும். கடைசியாக மெல்லிய கேமரா குழாயை உள்ளே விட்டு, சவ்வை நேரில் பார்த்து அதே நேரத்தில் அகற்றிவிடுவார்கள். ஓட்டை விழுந்திருக்கிறதா என்ற சந்தேகம் என்றால், பையில் மருந்து நிரப்பிச் சி.டி. எடுப்பார்கள். அதில் தெரியாவிட்டாலும் குழந்தை மோசமாக இருந்தால் சந்தேகத்தைக் கைவிட மாட்டார்கள்.

டியூப் வைத்துச் சிறுநீர் எடுக்கும் பிள்ளைகளுக்கு...

சுத்தமான டியூப்பைச் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை வைத்து, பையைக் காலி செய்துவிட்டு எடுத்துவிடும் முறையை 1972-இல் அமெரிக்க டாக்டர் ஜாக் லேபிடஸ் அறிமுகப்படுத்தினார். எத்தனையோ குழந்தைகளின் சிறுநீரகத்தைக் காப்பாற்றிய எளிய முறை. வீட்டிலேயே அம்மா செய்யலாம். வளர்ந்த பிறகு பிள்ளையே செய்துகொள்ளலாம்.

இவர்களைப் பரிசோதிக்கும்போது இரண்டு பக்கமும் தவறு நடக்கலாம். இவர்களின் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சல், வலி எதுவும் இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி தெரிந்தால், ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் கடைசியில் எந்த மருந்தும் வேலை செய்யாத நிலை வரும். மறுபக்கம், காய்ச்சலும் வாந்தியும் வந்தால் ‘இவனுக்கு எப்பவும் இருக்கிற இன்ஃபெக்‌ஷன்தான்’ என்று அசட்டையாக விடவும் கூடாது. தலையில் நீர் வடிய ஷன்ட் வைத்த குழந்தை என்றால் வாந்திக்கு அதுவும் காரணமாக இருக்கலாம், இரண்டையும் பார்க்கணும். ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளில் பலருக்கு ரப்பர் லேட்டக்ஸ் அலர்ஜி உண்டு என்பதால் கையுறை போடும் முன்பே சொல்லிடணும்.

பள்ளிக்கூடம்தான் பெரிய சிக்கல். காலை 9 மணியில் இருந்து 4 மணி வரை 7 மணி நேரம். அவர்களுக்கோ 3, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை காலி செய்தாக வேண்டும். தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை, கை கழுவத் தண்ணீர், மதியம் பத்து நிமிஷம். இதை ஹெட்மாஸ்டரிடம் நேரில் பேசி, டாக்டர் கடிதத்தோடு ஏற்பாடு செய்துகொள்வது ஒரு மருந்துச் சீட்டுக்குச் சமம்.

காங்கேயத்தில் இருந்து எங்கே போறது?

ராத்திரி 11 மணிக்குக் குழந்தைக்கு வயிறு உப்பினால், நேராகக் கோவைக்குக் கார் பிடிப்பதா? கரூர்–கோவை சாலையில் சுமார் 70 கி.மீ. தூரம். குழந்தை சோர்ந்திருந்தால் முதலில் 108. அல்லது பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனை. அங்கே டிரிப் போட்டு, சர்க்கரை அளவு பார்த்து, முடிந்தால் டியூப் வைத்து வடித்து, முதல் டோஸ் மருந்து கொடுத்து அனுப்பினாலே பாதி ஆபத்து குறையும். அடுத்த கட்டமாகத் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழந்தைகள் அறுவை சிகிச்சை தேவை என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கெனத் தனித் துறைகள் உண்டு. கிளம்பும் முன்பே ‘குழந்தைகள் சர்ஜன் டியூட்டியில் இருக்காங்களா’ என்று அனுப்பும் மருத்துவமனையையே போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்க.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மில், கம்பெனி வேலையில் இருப்பவர்கள் இ.எஸ்.ஐ. அட்டையில் குழந்தையின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று நல்லபடியாக இருக்கும்போதே பார்த்துவிடணும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டில் இருந்து வந்து வேலை செய்யும் பெற்றோர் என்றால் இன்னொரு தடை மொழி. உங்கள் யூனிட்டில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், இந்தி தெரிந்த ஒருவரை போனில் இணைத்துவிடுவது பெரிய உதவி. ‘எத்தனை மணிக்குக் கடைசியாகப் போச்சு’ என்ற ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால், டாக்டருக்கு நேரம் மிச்சமாகும்.

யார் மேல தப்பு?

‘வயித்துப் புள்ளையோட மில்லுக்குப் போனதாலதான்’, ‘சாயத் தண்ணி குடிச்சதாலதான்’, ‘கிரகணத்துல வெளிய வந்ததாலதான்’. குறையோடு குழந்தை பிறந்தால் வீட்டில் எழும் பேச்சு இது. பெரும்பாலும் பழி அம்மா மேல்தான் விழும். பி.யு.வி. கரு உருவாகும் ஆரம்ப வாரங்களிலேயே ஏற்படும் வளர்ச்சிப் பிசகு. அம்மா செய்த இன்ன வேலையால் வந்தது என்று காட்டும் ஆதாரம் எதுவும் இல்லை. நொய்யல் சாயக் கழிவு பற்றிக் கேள்வி கேட்க ஆயிரம் நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் ஒரு குழந்தையின் இந்தக் குறைக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

தடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. ஃபோலிக் அமில மாத்திரை, முதுகுத்தண்டுக் குறை மீண்டும் வருவதை 72 சதவீதம் குறைப்பதாக 1991-இல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு காட்டியது. கர்ப்பம் தெரிந்த பிறகு தொடங்கினால் தாமதம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்கணும். முதல் குழந்தைக்குக் குறை இருந்திருந்தால் டாக்டர் அதிக அளவு எழுதுவார். இதை மனைவிக்கு மட்டுமான விஷயமாக விடாமல், கல்யாணம் ஆன இளைஞர்களும் தெரிந்துவைத்திருக்கணும்.

ஒரு ஃபைல், மூன்று வாக்கியம்

குறை இருப்பது ஏற்கெனவே தெரிந்த குழந்தை என்றால், ஒரு கெட்டி அட்டை ஃபைல் போடுங்க. முதல் பக்கத்தில் நோயின் பெயர், செய்த ஆபரேஷன்கள், கடைசிக் கிரியாட்டினின், கடைசிக் கல்ச்சர் ரிப்போர்ட், டியூப் சைஸ், அலர்ஜி, பார்க்கும் டாக்டரின் போன் நம்பர். அதையே படம் எடுத்து அம்மா, அப்பா, பாட்டி மூன்று பேர் போனிலும் வையுங்க. பகலில் பார்த்துக்கொள்பவர், குழந்தை எத்தனை மணிக்குச் சிறுநீர் போனது, தாரை எப்படி இருந்தது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்திலாவது குறித்துவைக்கட்டும்.

அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம்: ‘குழந்தைக்குச் சிறுநீர்ப் பாதையில பிறவிக் குறை இருக்கு. கடைசியா இத்தனை மணிக்குத்தான் போச்சு. பை காலியாகுதான்னு முதல்ல பாருங்க.’ காய்ச்சல், வாந்தி, அழுகை பற்றியெல்லாம் அதற்கப்புறம் சொல்லலாம்.

சவ்வை அகற்றும் ஆபரேஷன் சிறியது. அதற்குப் பிறகான கவனிப்புத்தான் நீளமானது. அடைப்பு போன பின்பும் தடித்துப்போன சிறுநீர்ப்பை பழைய பழக்கத்திலேயே இருக்கும். மேலே அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பையன் பள்ளி முடித்து, வேலைக்குப் போகும் வயதிலும் வருஷம் ஒரு தடவையாவது ரத்த அழுத்தம், கிரியாட்டினின், ஸ்கேன் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘இப்பத்தான் நல்லாயிட்டானே’ என்று தோன்றும் வருஷமும் அதில் அடக்கம்.